குங்குமப் பொட்டு வைத்த ஊசி

ஜோதிமணியின் நோட்டில் புதன்கிழமைப் பக்கத்தின் கடைசி வரி இது: 'மலைச்சாமி காரோடு பழனிக்கு இறங்கிவிட்டார். சந்தேகமில்லை.'

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் மலைப்பாதையின் மேல்முனைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, அந்தச் 'சந்தேகமில்லை'யை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் விழித்தாள். பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். ஆனால் அந்த வரியை நம்பி நேற்றே போலீஸ் மலையை விட்டுவிட்டுக் கீழே தேடப் போய்விட்டது. அதை எதைக் கொண்டு அடிப்பது?

நேற்று அவள் பார்த்தது பதிவேட்டை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது, பழைய கறுப்பு பென்ட்லி, ஓட்டுபவர் பெயர் மலைச்சாமி. போதும் என்று நினைத்துவிட்டாள். அன்றைக்குக் காவலில் இருந்தவர் இன்று மதியம்தான் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு நாள் கழித்து இப்போதுதான் கேட்டாள்.

குரங்குக் குல்லா, மப்ளர், முகம் தெரியவில்லை, பேர் கேட்டதும் உடனே சொன்னார் என்றார் காவலர். பிறகு, தானாகவே ஒன்றைச் சேர்த்தார்.

"வண்டி முன்னால பாத்தா ராசா கணக்கா இருக்குங்க. பின்னால பாத்தா செங்கல் சூளை. அப்படிக் கரும்புகை. எனக்குக் கண்ணே எரிஞ்சுபோச்சு."

"வயசான காலத்துல வண்டிக்குப் பீடிப் பழக்கம் வந்துருச்சு போல," என்றான் கந்தவேல்.

கந்தவேல் ஜோதிமணியின் உதவியாளன். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்கு மேல் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, பக்தர்களுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் வேனோடு வந்து சேர்ந்துகொண்டான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன். ஆள் இருக்கும்போது 'மேடம்' என்பான், இல்லாதபோது 'தாயி'.

அவள் சிரிக்கவில்லை. கரும்புகை என்று எழுதி அடிக்கோடிட்டாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி நாயுடுபுரத்தில் இருந்தாள். அவள் முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமே என்பதுதான் ஜோதிமணிக்குப் பயமாக இருந்தது.

மலைச்சாமியும் அவன் மனைவி மணிமேகலையும் நாயுடுபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலில் பழைய சீமைக் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர்கள்தான் வைத்தியர்கள். பங்களாக்காரர் குமரகுருவின் 1949ஆம் வருஷத்து பென்ட்லியை டியூன் செய்து, திங்கள் மாலை மலைச்சாமி பங்களாவுக்கு ஓட்டிப் போனான். இரவு ஒன்பதுக்கு அவன் போனிலிருந்து, 'சோலி முடியல, காலைல வர்றேன்' என்று ஒரு செய்தி வந்தது. அத்தோடு போன் அணைந்தது. காரும் இல்லை, ஆளும் இல்லை.

குமரகுரு போலீஸில் சொன்னது: கார் வந்தது, ஓட்டிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சரிசெய்யணும் என்று அவனே திரும்ப எடுத்துப் போனான், அதற்குப் பிறகு காரை நான் கண்ணால் பார்க்கவில்லை. போலீஸ் மட்டும் போதாது என்று புதன்கிழமை ஜோதிமணியையும் அமர்த்தியவர் அவர்தான். ஒரே நிபந்தனை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அவருக்கு விவரம் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜுரம் பார்க்கிற மாதிரி என்று கந்தவேல் அதைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

என் புருஷன் மலையை விட்டு இறங்கவில்லை, இங்கேதான் எங்கேயோ கிடக்கிறார் என்று நேற்று மணிமேகலை கெஞ்சினாள். ஜோதிமணி பதிவேட்டைக் காட்டி, மென்மையாகத்தான், மறுத்தாள். அந்த மென்மைதான் இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தை மாதம். விடிகாலையில் ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. அவன் மேலே எங்காவது கட்டுண்டோ அடிபட்டோ கிடந்தால், மூன்று இரவு போய்விட்டது. நான்காவது இரவு வர இன்னும் நான்கு மணி நேரம்.

*

ஒர்க்‌ஷாப்பில் மணிமேகலை ஒரு ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்தாள். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். கரும்புகை என்றதும் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"எங்க வண்டி புகை விடாது."

ஏன் என்று ஜோதிமணி கேட்டாள். மணிமேகலை வேறொரு காரின் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ஊசியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நீளம், நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போயிற்று. பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதை இந்த ஊசியின் பருமன்தான் முடிவு செய்கிறது. மலை மேலே காற்று மெல்லிசு, அதனால் பெட்ரோலும் குறைவாகப் போகவேண்டும். அதற்கு மலை ஊசி. கீழே போனால் கீழ் ஊசி. பென்ட்லிக்கு இரண்டு கார்புரேட்டர், ஆகவே ஜோடி ஜோடியாக ஊசி. கீழ் ஊசியைப் போட்டு மலையில் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிப் பாதி எரியாமல் கரும்புகையாக வரும்.

"திங்கக்கெழம சாயங்காலம் மலை ஊசி போட்டு நானே டியூன் பண்ணி அனுப்பினேன். புகை வந்துச்சுன்னா யாரோ ஊசிய மாத்தியிருக்காங்க."

"கீழே கொண்டு போறதுக்காக மலைச்சாமி அண்ணனே மாத்தியிருக்கலாமில்லையா?" என்று ஜோதிமணி மெதுவாகக் கேட்டாள்.

மணிமேகலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மலைக்காரன் எவனும் மேலயே மாத்த மாட்டாங்க. மலை ஊசியோட அடிவாரம் வரைக்கும் இறங்கி, அணைக்கட்டுப் புளியமரத்தடியில வண்டிய நிறுத்தி, ரேடியேட்டர் ஆறுற நேரத்துல மாத்துவோம். எங்க மாமனார் காலத்துலருந்து அதே மரம்தான். மேலயே மாத்துறவன் ஊசி மாத்தணும்னு தெரிஞ்சவன், எங்க மாத்தணும்னு தெரியாதவன்."

அப்படியென்றால் குரங்குக் குல்லாக்காரன் மலைச்சாமி இல்லை. மலைச்சாமி இறங்கவேயில்லை. நேற்று இவள் கெஞ்சியது அத்தனையும் நிஜம்.

கந்தவேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, மணிமேகலையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் சொல்லாமல் விட்ட முதல் நக்கல் அதுவாகத்தான் இருக்கும்.

ஊசி மாற்றத் தெரிந்தவன், ஆனால் மலைக்காரன் இல்லை. ஜோதிமணியின் மனசில் ஒரே ஒரு ஆள் வந்து நின்றான். பழைய கார்களுக்கு மதிப்புப் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ராஜேஷ்குமார். கோயம்புத்தூர்க்காரன். பென்ட்லியைப் பார்க்க இரண்டு வாரம் முன்பு வந்து, இன்னும் ஏரிக்கரை லாட்ஜில்தான் தங்கியிருக்கிறான்.

மணி மூன்று. அவள் குமரகுருவுக்குப் போன் செய்து, எழுதி வைத்திருந்தபடியே ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். ஊசி மாற்றப்பட்டிருக்கிறது, ஓட்டியது மலைச்சாமி இல்லை, அவர் மலையில்தான் இருக்கிறார், ராஜேஷ்குமார் மேல் சந்தேகம். அவர் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு குமரகுரு, பிரமாதம் அம்மா, அவனை விடாதீங்க, அவனையே பிடிங்க என்றார்.

வேனில் ஏறும்போது மணிமேகலையும் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீங்க நேத்து ஒரு தடவ தப்பாப் பாத்துட்டீங்க. இன்னைக்கு நானும் கூட இருக்கேன்," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

*

லாட்ஜ் கதவைத் திறந்த ராஜேஷ்குமாரின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணித்தொட்டில்.

"புள்ள பொறந்திருக்கா சார்?" என்றான் கந்தவேல்.

சனிக்கிழமை படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்ததாக ராஜேஷ்குமார் சொன்னான். எக்ஸ்ரே, தேதியிட்ட சீட்டு எல்லாம் மேஜை மேலேயே கிடந்தன. மணிமேகலை ஒரு பார்வையில் முடித்துவிட்டாள்.

"இவரு இல்ல. அந்த வண்டிக்கு கியர் வலது கைப்பக்கம், கதவோரமா இருக்கும். நல்ல கையாலயே தம் கட்டித்தான் போடணும்."

ஜோதிமணி நோட்டில் ராஜேஷ்குமார் என்ற பெயரை அடித்தாள். இரண்டு நாளில் இரண்டாவது தப்பு. வெளியே ஜன்னல் கண்ணாடியில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வந்தது வந்தோம் என்று ஒரு கேள்வி கேட்டு வைத்தாள். காரைப் பார்த்து இரண்டு வாரமாகியும் ஏன் ஊருக்குப் போகவில்லை?

அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். பழைய காருக்கு மதிப்பே பிறவிச் சாமான்களில்தான் இருக்கிறது. சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் கம்பெனிப் பழைய ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். பென்ட்லியில் ஒத்துப்போயிற்று. அப்படியே முதல் அறிக்கையும் கொடுத்துவிட்டான், இன்சூரன்ஸும் அந்த மதிப்புக்குப் போட்டாயிற்று. ஆனால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. என்ஜினில் எண் சரியாக இருந்தது. அதைக் குத்தியிருந்த விதம் புதிதாக இருந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்கு மறுபடி பரிசோதிக்கிறேன் என்று குமரகுருவிடம் சொன்னான். திங்கள் மதியம் மலைச்சாமிக்கும் போன் செய்து, இந்த என்ஜின் எப்போதாவது மாற்றப்பட்டதா என்று கேட்டான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மணிமேகலை.

"நான் பொய் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து பாருங்க, நான் கழட்டிக் காட்டுறேன்னு சொன்னார்."

செவ்வாய் பத்து மணிக்குப் பார்க்கக் கார் இல்லை. இனி அந்த முதல் அறிக்கைதான் கடைசி அறிக்கை. இல்லாத காரை யாரும் மறுபடி பரிசோதிக்க முடியாது, இன்சூரன்ஸ் பணமும் அந்த மதிப்புக்கே வரும்.

"அப்போ நின்ன இடத்துல டூப்ளிகேட்," என்றான் கந்தவேல். "காணாமப் போனதும் ஒரிஜினல்."

நக்கலாகத்தான் சொன்னான். ஆனால் ஜோதிமணி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

*

வேனுக்குள் ஜோதிமணி நோட்டை மடியில் விரித்தாள். குமரகுரு. அவளுடைய கட்சிக்காரர். காரணம் இருக்கிறது, ஆதாரம் இல்லை. காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு போலீஸிடம் போனால், நேற்று ஒரு கதை சொன்னாய், இன்று ஒரு கதையா என்று கேட்பார்கள். கேட்டால் நியாயம்தான். மணி நாலேகால். மூன்றாவது தப்புக்கு இனி நேரம் கிடையாது.

புதன்கிழமைப் பக்கங்களை முதலிலிருந்து படித்தாள். குமரகுருவின் கார் ஷெட்டில் டூல் பெட்டியைத் திறந்துகாட்டி, ஒவ்வொன்றும் அசல், காரோடு சீமையிலிருந்து வந்தது என்று அவர் பெருமையாக எடுத்துவைத்தார். அவளும் வரிசையாக எழுதினாள். பன்னிரண்டு உருப்படி. எல்லாவற்றிலும் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. பதினோராவது: 'தகர டப்பா. உள்ளே ஊசி இரண்டு. தலையில் சிவப்புப் பொட்டு.' ஊசிக்கும் குங்குமம் வைத்த பக்திமான் என்று கந்தவேல் அன்று அவள் காதில் சொன்னான்.

"அக்கா, கார்ல போடாத ஊசி எங்க இருக்கும்? ஒர்க்‌ஷாப்லயா?"

அது வண்டிக்காரர் வீட்டில்தான் இருக்கும் என்றாள் மணிமேகலை. அசல் சாமானை அடுத்தவர் பட்டறையில் விட்டுவைக்க எந்தப் பழைய கார்க்காரருக்கும் மனசு வராது. பென்ட்லியின் கீழ் ஊசி ஜோடி, குமரகுருவின் தகர டப்பாவில். அதை அவர் பூட்டித்தான் வைத்திருப்பார்.

"ரெண்டு ஜோடியும் பாக்க ஒரே மாதிரி இருக்குமே. எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீங்க?"

மணிமேகலை கையை நீட்டினாள். கிரீஸ் படிந்த விரல்கள். நகங்களில் பாதி உதிர்ந்த சிவப்பு நெயில் பாலிஷ்.

"மலை ஊசி தலையில இதுல ஒரு பொட்டு வச்சிருவேன். கீழ் ஊசிக்கு ஒண்ணும் கெடையாது. அவரு கேலி பண்ணுவாரு, ஊசிக்குப் பூச்சூட்டுறியான்னு."

வேனுக்குள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கள் மாலை காருக்குள் இருந்த மலை ஊசி, காரோடு காணாமல் போயிருக்க வேண்டும். புதன்கிழமை அது குமரகுருவின் டப்பாவுக்குள் இருந்தது. காரை அதற்குப் பிறகு கண்ணால் பார்க்கவில்லை என்றவரின் டப்பாவுக்குள். அப்படியென்றால் குரங்குக் குல்லாவுக்குள் இருந்து மலைச்சாமி பெயரைச் சொன்னவரும் அவர்தான். கீழ் ஊசியை எடுத்துக் காரில் மாட்டிய மனிதர், கழற்றியதைத் தூக்கிப் போட்டிருந்தால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது அசல். எழுபத்தைந்து வருஷத்து அசல். ஆளைத் தொலைக்கத் துணிந்தவருக்கு ஊசியைத் தொலைக்க மனசு வரவில்லை.

"குங்குமம்னு எழுதாம பொட்டுன்னு எழுதினியே தாயி," என்றான் கந்தவேல், மணிமேகலை இருப்பதையே மறந்து. "அதுக்கே உனக்கு ஒரு மொட்டை போடலாம்."

ஆனால் ஜோதிமணி நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்துக்குத் தாவியிருந்தாள். மூன்று மணிக்கு அவள் குமரகுருவிடம் சொல்லியிருக்கிறாள். மலைச்சாமி மலையில்தான் இருக்கிறார், இனி மேலேதான் தேடப்போகிறோம் என்று, ஒளித்து வைத்தவரிடமே, ஒன்றுவிடாமல்.

*

எங்கே வைத்திருப்பார்? பங்களாவின் மூலை முடுக்கெல்லாம் நேற்றுப் பார்த்தாயிற்று. பனிமூட்டத்தில் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. மணிமேகலை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, சத்தமில்லாமல் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி பெயரா, புருஷன் பெயரா தெரியவில்லை. இரண்டுமே 'சாமி' என்றுதான் முடியும்.

ஜோதிமணி நோட்டைப் புரட்டினாள். அவளுக்கு அவள் மேல் நம்பிக்கை போய்விட்டது. நோட்டின் மேல்தான் கொஞ்சம் பாக்கி இருந்தது. புதன், பதினொன்று இருபது: 'பங்களா வாசலில் ஒரு அம்மா. பெயர் அன்னக்கொடி. குமரகுருவின் பள்ளங்கிப் பூண்டுத் தோட்டத்தில் வேலை. புகை போட வேண்டாம் என்று சொன்னதற்கு வருத்தம்.' ஒன்றுக்கும் உதவாத வரி என்று எழுதும்போதே நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, அந்தப் பூண்டுக்கார அம்மா என்ன சொல்லுச்சு?"

கந்தவேலுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. விதைப்பூண்டு கொட்டகையில் தொங்குது, ரெண்டு நாளா உள்ள வராத, புகை போடாதன்னா எப்படிய்யா, ஈரத்துல முளை விட்டுரும் என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். குமரகுரு பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

பள்ளங்கியில் எல்லோரும் பூண்டைக் கத்தையாகக் கட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுத்தான் காப்பாற்றுகிறார்கள். தையில் புகை போடாமல் விடுவது விதையைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம். புகை வரக்கூடாத காரில் புகை வந்தது. வரவேண்டிய கொட்டகையில் வரவில்லை.

"வெரசா போங்கண்ணே," என்றாள் மணிமேகலை.

போகும் வழியிலேயே ஜோதிமணி போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தாள். நேற்று நான் சொன்னது தப்பு என்று தொடங்கி, தன் தப்பையெல்லாம் வரிசையாகச் சொல்லி, ஊசியில் முடித்தாள். எதிர்முனைக்காரர் பெருமூச்சு விட்டார். கீழே போன ஜீப் இப்போதுதான் திரும்பி மலை ஏறிக்கொண்டிருக்கிறது, பங்களாவுக்கு வர ஆறு மணி தாண்டிவிடும் என்றார்.

பள்ளங்கிச் சரிவில் வேன் திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. படிப்படியாக இறங்கிய தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரைகள். எல்லாவற்றிலிருந்தும் இளநீலப் புகை கசிந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. குமரகுருவின் கொட்டகை எதுவென்று வழியில் ஒருவர் கையைக் காட்டினார்.

அதிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

வேன் நிற்கும் முன்பே மணிமேகலை குதித்துவிட்டாள். கொட்டகையின் பக்கச்சுவரில், தரையோரம், வெளியிலிருந்தே விறகு தள்ளுகிற துவாரம். அதன் முன்னால் அன்னக்கொடி குத்தவைத்து, சந்தோஷமாக ஊதிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணிக்கு அய்யா போன் செய்தாராம். கதவைத் திறக்க வேண்டாம், சாவி என்கிட்ட இருக்கு, வெளியிலிருந்தே நல்லா ஈர விறகாப் போட்டு ராத்திரி முழுக்கப் புகைய விடு என்றாராம். விறகு பொறுக்கிவர இவ்வளவு நேரமாகிவிட்டதாம்.

"உள்ள ஆள் இருக்கும்மா," என்றாள் ஜோதிமணி.

அன்னக்கொடிக்குப் புரியவில்லை. புரிந்ததும் வெறுங்கையால் எரிகிற கட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கந்தவேல் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்தான். புகை அடங்காமல் இன்னும் கறுப்பாகப் புரண்டு வந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பூட்டு. கந்தவேல் ஜாக்கிக் கம்பியால் ஓங்கி அடித்தான். பூட்டில் கீறல்கூட விழவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை மணிமேகலை பிடித்துக்கொண்டாள்.

"பூட்டு புதுசு. கீல் பழசு."

கம்பியை வாங்கி, கீல் ஆணியின் அடியில் வைத்து, கல்லால் மேல்நோக்கி மூன்று தட்டு. ஆணி துள்ளி விழுந்தது. இன்னொரு கீல், இன்னும் மூன்று தட்டு. கதவு பூட்டின் பக்கமாகவே தொங்கித் திறந்தது.

கதவிடுக்கு ஓரத்தில், தரையோடு தரையாக முகத்தை வைத்துக்கொண்டு மலைச்சாமி கிடந்தான். கையும் காலும் நைலான் கயிற்றில். வாயில் மப்ளர். மேலே ஆயிரம் பூண்டுக் கத்தைகள் புகைக்குள் ஆடின. இழுத்து வெளியே போட்டபோது உடம்பு கல்லாகச் சில்லிட்டிருந்தது. மணிமேகலை மப்ளரை உருவிவிட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள். பிறகு அவன் இருமினான். இருமிக்கொண்டேயிருந்தான். அந்தக் கண்றாவிச் சத்தத்தைக் கேட்டு ஜோதிமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு வந்ததும் அவன் முதலில் சொன்னது மனைவியிடம்.

"மேலயே ஊசிய மாத்திட்டான் மணி. என் கண்ணு முன்னாலயே. என்ஜின் பூரா கரி புடிச்சுப் போயிருக்கும்."

"பேசாம கெடங்க," என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

*

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஜீப் இன்னும் வழியிலுள்ள பெருமாள்மலையைக்கூடத் தாண்டவில்லை. ஆறு மணி ரிப்போர்ட் போகாவிட்டால் குமரகுருவுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் முதல் வேலையாக அந்தத் தகர டப்பா எங்காவது பள்ளத்தில் விழும்.

ஜோதிமணி நோட்டை விரித்தாள். சரியாக ஆறுக்கு எண்ணை அழுத்தினாள்.

"சார், ஆறு மணி ரிப்போர்ட்."

"சொல்லுங்கம்மா. அந்த ராஜேஷ்குமார் என்ன ஆனான்?"

"அவர்கிட்டதான் சார் வர்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு. நேத்து உங்க டூல் பெட்டியில எழுதின லிஸ்ட்டைச் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். இன்சூரன்ஸுக்குக் கேப்பாங்க. நான் படிக்கிறேன், நீங்க பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு இருக்குன்னு சொன்னாப் போதும்."

இன்சூரன்ஸ் என்ற சொல் வேலை செய்தது. ஷெட் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அவள் ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தாள். ஜாக்கி ஒன்று. இருக்கு. கைப்பிடியில் எழுத்து பொறித்த சுத்தியல் ஒன்று. இருக்கு, அசல். எவ்வளவு மெதுவாகப் படிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகப் படித்தாள். நடுவில் இரண்டு முறை எண்ணைத் தவறவிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்பப் படித்தாள். தப்பாகச் செய்வதில் அவளுக்கு இந்த இரண்டு நாளில் நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது. பக்கத்தில் கந்தவேல் இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜீப் வந்து சேர்ந்த இடங்களை நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு. தகர டப்பா ஒண்ணு. உள்ளே ஊசி ரெண்டு."

மூடி திறக்கும் 'டொக்'. "இருக்கு."

"தலையில பொட்டு இருக்கா சார்?"

"இருக்கும்மா. ஆயுத பூஜைக் குங்குமம்."

"நகத்தால லேசாச் சுரண்டிப் பாருங்க சார். குங்குமம்னா உதிரும்."

மெல்லிய, உலோகத்தில் நகம் படும் சத்தம். மறுபடி அதே சத்தம். இன்னும் ஒருமுறை, இந்த முறை அழுத்தமாக.

"உதிரல," என்றார் குமரகுரு. அவர் குரலுக்குப் பின்னால், ஜீப் சத்தத்துக்கு, பங்களா நாய் குரைக்கத் தொடங்கியிருந்தது.